கேட்டால் கையைத் தூக்கவும்

செடிகொடிகளோடு பேசுகிறவர்கள் எல்லோரும், ஒரு விதிவிலக்குகூட இல்லாமல், பேச ஆள் கிடைக்காதவர்கள். மனித குலம் தோன்றிய நாளிலிருந்து யாருக்கும் உறைக்காத இந்த உண்மையைக் கண்டுபிடித்தவன் தான்தான் என்பதில் காது டாக்டருக்குத் துளியும் சந்தேகம் இருந்ததில்லை. அவன் டாக்டர் அல்ல. கடைவீதி முனையில், மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் சலவைக் கடைக்கும் நடுவே, காது மெஷின் விற்கும் கடை வைத்திருந்தான். வருகிறவர்களின் காதைச் சோதிப்பான், மெஷினைப் பொருத்துவான், அது கீச்சிட்டால் திருகிச் சரிசெய்து அனுப்புவான். தெருவே அவனை டாக்டர் என்று கூப்பிட்டது. தெருவின் மனதைப் புண்படுத்த அவனுக்கு விருப்பமில்லை.

"கேக்கணும்னா காது வேணும்," என்று சாப்பாட்டு மேசையில் மனைவிக்கு வகுப்பெடுத்தான். "காதுக்குள்ள சவ்வு வேணும். சவ்வுக்குப் பின்னால எலும்பு, எலும்புக்குப் பின்னால நரம்பு, நரம்புக்குப் பின்னால மூளை. உன் செம்பருத்திகிட்ட இதுல எது இருக்கு?"

"உன்கிட்ட எல்லாமே இருக்கு," என்றாள் அவள். "நான் சொல்றது கேக்குதா?"

"ம்," என்றான் அவன்.

இந்த 'ம்' அவனுடைய வாழ்நாள் சாதனை. பகல் முழுக்கக் கடையில் காது மந்தமானவர்களிடம் கத்திக் கத்திப் பேசிவிட்டு வீட்டுக்கு வருகிறவனுக்கு வேண்டியது அமைதி. அவளுக்கோ ஒரு பெரிய கம்பெனியின் புகார்ப் பிரிவில் தொலைபேசி எடுக்கும் வேலை. முகம் தெரியாதவர்கள் திட்டுவதையெல்லாம் 'உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்' என்று வாங்கிக்கொள்ள வேண்டும். பாதியில் போனை வைக்கும் உரிமை திட்டுகிறவருக்கு மட்டுமே உண்டு. வாங்கியதையெல்லாம் சாயங்காலம் எங்கேயாவது இறக்கி வைத்தாக வேண்டும். கல்யாணமான புதிதில் அவனிடம் இறக்கினாள். அவன் சரியான இடைவெளியில், சரியான ஏற்ற இறக்கத்தோடு, ஒரு சொல்லும் காதில் ஏறாமல் 'ம்' போடக் கற்றுக்கொண்டான். அவளும் முட்டாள் அல்ல. அவளுடைய பெரியம்மா தனியாக வாழ்ந்து மறைந்த இந்த வீட்டுக்கு அவர்கள் குடிவந்தபின், அவள் அவனிடம் இறக்குவதை நிறுத்திவிட்டுப் பின்கட்டுக்குப் போய்ச் செடியிடம் இறக்க ஆரம்பித்தாள்.

செடி சமையலறை ஜன்னலுக்கு வெளியே, சுவரோரம் நின்றது. ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து, அடிமரம் மணிக்கட்டுப் பருமனில் முறுக்கேறி, ரத்தச் சிவப்பில் பூக்கிற செம்பருத்தி. பெரியம்மா வைத்தது. அவள் பள்ளி விடுமுறைக்கு வரும்போதெல்லாம் பெரியம்மா சொல்வாராம்: "தண்ணி மட்டும் ஊத்தினா இலைதான் விடும். உக்காந்து பேசு, அப்பதான் பூக்கும்." அதனால் அவள் வேலையிலிருந்து வந்ததும் பூவாளியோடு போவாள். வேரடி மண்ணைக் கொத்திவிடுவாள், மக்கிய எரு வைப்பாள், தண்டில் வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருக்கும் மாவுப்பூச்சியை சோப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடைப்பாள். பிறகு சின்ன முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "இன்னிக்கு என்ன ஆச்சு தெரியுமா?" என்று ஆரம்பிப்பாள்.

"என்ன, லைன் கிடைச்சிடுச்சா?" என்று அவன் ஜன்னல் வழியே கேட்பான். "இல்ல, ஹோல்டுல போட்டிருக்கா?"

"நீ போப்பா. உன்னைவிட இது மேல். நடுவுல கொட்டாவி விடாது."

அப்படிக் கேலி பேசிக்கொண்டு நின்ற ஒரு சாயங்காலம்தான் அவன் முதன்முதலாக அதைக் கவனித்தான். செம்பருத்தி காலையில் விரிந்து, பொழுது சாயும்போது மடக்கிய குடைபோலச் சுருண்டு, மறுநாள் உதிர்ந்துவிடுகிற பூ; பிறந்த அன்றே ஓய்வு பெறுகிற பூ. அன்றைக்குப் பொழுது சாய்ந்து, கொல்லைச் சுவர் நீலமாகி, பக்கத்து வீடுகளில் விளக்குகள் எரியத் தொடங்கியும், ஒரு பூகூடச் சுருளவில்லை. எல்லாம் அகல விரிந்து, இதழ்களை லேசாக முன்பக்கம் குவித்துக்கொண்டு, அவள் வாய்ப்பக்கமே திரும்பியிருந்தன. சூரியன் இறங்கியது வீட்டின் எதிர்ப்புறத்தில். பூக்களிடமிருந்து ஒரு வாசனையும் காற்றில் வந்தது. செம்பருத்திக்கு வாசனை கிடையாது. இது அவனுக்கு நன்றாகத் தெரிந்த வாசனை, தினமும் கடையில் முகர்கிறது: யாரோ ஒருவரின் காதுக்குள்ளிருந்து அப்போதுதான் எடுத்த மெஷினின், வெதுவெதுப்பான, லேசாக இனிக்கிற மெழுகு வாசனை.

தன் கைதான் நாறுகிறது என்று முடிவு செய்து, அவன் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டான்.

அந்த வாரம் கடைக்கு இன்ஜின் மாமா வந்தார். ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். காதின் பெரும்பகுதியை இன்ஜினிலேயே விட்டுவிட்டு வந்தவர். குடியிருப்பது அவர்கள் வீட்டுப் பின்சந்தில். மெஷினைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"இது சரியில்ல டாக்டர்."

"கேக்கலையா மாமா?"

"என்னது?"

அவன் மெஷினை எடுத்து அவர் காதில் செருகிவிட்டு மறுபடி கேட்டான்.

"கேக்குது. அதான் பிரச்சினை. உன் வீட்டுக் கொல்லைப் பக்கம் நடந்து போனா பெரியம்மா பேசுறாங்க."

"எந்தப் பெரியம்மா? என் வீட்டுக்காரியோட பெரியம்மாவா? அவங்க போய்ச் சேந்தாச்சு மாமா."

"எனக்குத் தெரியாதா? அடக்கத்துக்கு நானும்தான் வந்தேன். எவனோ அழுகின தக்காளியைத் தலையில கட்டிட்டானாம், அதைச் சொல்லிட்டே இருக்காங்க. அந்தக் கடையை இடிச்சே பல வருஷமாச்சுப்பா."

"மெஷின் ரேடியோ அலையைப் பிடிக்குது," என்றான் அவன், ஒரு நொடிகூட யோசிக்காமல். யோசிக்காமல் விளக்கம் சொல்வதுதான் டாக்டர் பட்டத்தின் பாதி. ஒரு திருகைத் திருகினான். "இப்ப எப்படி?"

"இப்ப எதுவுமே கேக்கல."

"பாத்தீங்களா? சரியாயிடுச்சு."

மாமா போனபிறகுதான் பெரியம்மாவின் கடைசிக் காலம் அவனுக்கு ஞாபகம் வந்தது. ஆள் திடமாகத்தான் இருந்தார். ஆனால் ஒவ்வொன்றாக மறந்துகொண்டே வந்தார்: முதலில் கோபங்களை, பிறகு முகங்களை, கடைசியில் ஸ்பூனை எப்படிப் பிடிப்பது என்பதை. வயசு என்றார்கள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற அன்றைக்குக்கூடக் கொல்லைக்குப் போய்ச் செடியின் முன் வாயை அசைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். சத்தம் வரவில்லையாம். சொல்ல எதுவும் மிச்சமில்லாததுபோல.

அடுத்த விடுமுறை நாளில் அவன் இந்த விவகாரத்தை அறிவியல் முறைப்படி முடித்து வைக்கத் தீர்மானித்தான். காது சோதிக்கும் பெட்டியைக் கடையிலிருந்து தூக்கி வந்து கொல்லையில் வைத்தான். செம்பருத்தியின் இடப்பக்கக் கிளையில் ஹெட்போனை மாட்டினான். வெள்ளைக் கோட்டுகூடப் போட்டுக்கொண்டான். தினமும் கஸ்டமர்களிடம் சொல்கிற அதே குரலில் சொன்னான்: "நல்லாக் கேளுங்க. சத்தம் வந்தா வலது கையைத் தூக்குங்க. எவ்வளவு மெல்லிசாக் கேட்டாலும் தூக்கணும். சரியா?"

மனைவி முக்காலியில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவன் குமிழைத் திருகினான். மெல்லிசு. அதைவிடப் பலம். இன்னும் பலம். செடி சும்மா நின்றது.

"முழுச் செவிடு," என்று தீர்ப்பளித்தான். "மெஷின் வச்சாலும் பிரயோஜனமில்ல. வீட்டுக்காரங்க யாராச்சும் வந்திருக்கீங்களா?"

"நான்தான் டாக்டர்," என்றாள் அவள். "இது முன்னாடி இப்படி இல்ல. உங்களைப் பாத்ததுல இருந்துதான்."

மறுநாள் காலை காபிக்குத் தண்ணீர் பிடிக்கும்போது ஜன்னல் வழியே பார்த்தான். செடியின் வலப்பக்கத்தில், பூக்கனத்தில் எப்போதும் தரையைத் தொட்டுக்கொண்டு கிடக்கும் கிளை ஒன்று, நேர் செங்குத்தாக மேலே எழுந்து நின்றது. காற்றில்லை. நுனியில் ஐந்து மொட்டுகள், விரல்கள்போல விரிந்திருந்தன.

ஹெட்போன் கனத்தில் கிளை வளைந்து, பிறகு நிமிர்ந்துகொண்டது என்று அவன் தனக்குச் சொல்லிக்கொண்டான். பாத்திரம் நிரம்பி வழிந்து கால் நனைந்த பிறகுதான், ஹெட்போனை மாட்டியது இடப்பக்கம் என்பது உறைத்தது.

அதன்பிறகு கொஞ்ச நாள் வீடு அருமையாக இருந்தது. அலுவலகத்தில் அவளைப் பாடாய்ப் படுத்தும் மேலாளரைப் பற்றிய பேச்சே இல்லை. "இப்ப அந்த ஆள் எப்படி?" என்று கேட்டால், "எந்த ஆளு?" என்றாள். அவனுக்கும் அவளுக்கும் நடந்த பெரிய சண்டை ஒன்று, திரைச்சீலை வாங்குவதில் ஆரம்பித்து இருவரின் வம்சத்தையும் சந்திக்கு இழுத்த சண்டை, அவளுக்கு நினைவே இல்லை. கல்யாணமானவர்களில் இத்தனை அதிர்ஷ்டம் வேறு யாருக்கு வாய்த்திருக்கும் என்று அவன் பூரித்துப்போனான். பூரிப்பு, சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்று அவள் கேட்கும்வரை நீடித்தது. பிறகு அவளுடைய தங்கை போன் செய்தபோது, அவள் பேசிய பேச்சில் ஒரு வினோதமான பணிவு இருந்தது. புகார்ப் பிரிவுப் பணிவு.

ஒரு சாயங்காலம் அவன் சமையலறையில் விளக்கைப் போடாமல் ஜன்னலோரம் நின்றான். வெளியே அவள் குரல், அடங்கி, ரகசியமாக, சந்தோஷமாக. அவள் சொல்லிக்கொண்டிருந்தது அவர்கள் முதன்முதலாகச் சந்தித்த கதை. வேலையில் சேர, காது நன்றாகக் கேட்கிறது என்று சான்றிதழ் வாங்க அவள் அவன் கடைக்கு வந்திருந்தாள். ஹெட்போனை மாட்டிவிட்டு அவன் வழக்கமான பாடத்தை ஒப்பித்தான், சத்தம் வந்தா வலது கையைத் தூக்குங்க. அவன் பெட்டியைத் தொடுவதற்கு முன்பே அவள் கையைத் தூக்கினாள். "நான் இன்னும் சத்தமே வைக்கலையே?" என்றான் அவன். "எனக்குக் கேட்டுதே," என்றாள் அவள், முகத்தை மிகவும் பவ்யமாக வைத்துக்கொண்டு. அந்த ஒரு வாக்கியத்தில்தான் அவன் விழுந்தது.

வெளியே அவள் அதைச் சொல்லிச் சிரித்தாள். கிளைகளுக்கிடையே, மூடாத பூக்கள் எல்லாம் ஒரே நேரத்தில், ஒரு மயிரிழை, முன்னால் நகர்ந்தன.

சாப்பிடும்போது அவன் சும்மா கேட்பதுபோலக் கேட்டான். "சத்தம் வைக்கிறதுக்கு முன்னாடியே கையைத் தூக்கினியே. அன்னிக்கு உனக்கு நிஜமா என்ன கேட்டுச்சு?"

"என்னிக்கு?"

"கடையில. முதல் நாள்."

அவள் அவனைப் பார்த்தாள். மரியாதையாக யோசித்தாள். முகத்தில் ஒரு கதவுகூடத் திறக்கவில்லை.

"தெரியலையேப்பா," என்றாள்.

அவன் அன்றைக்கே கொல்லைக் கதவைப் பூட்டிச் சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். டாக்டரிடம், நிஜ டாக்டரிடம், கூட்டிப்போனான். ஒன்றுமில்லை, அலுப்பு, ஓய்வு எடுக்கட்டும் என்றார் அவர். ஓய்வில் அவள் சமையலறை ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். கண்ணாடி மூடியிருந்தது. உதடுகள் அசைந்துகொண்டேயிருந்தன. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இலைகள் வந்து அப்பிக்கொண்டிருந்தன, ஒவ்வொன்றும் உள்ளங்கைபோலக் குவிந்து, சுவரில் ஒட்டுக்கேட்கிறவர்கள் காதோரம் கையைக் குவிப்பதுபோல.

"என்கிட்ட சொல்லு," என்று அவன் கெஞ்சினான். "இனிமே கேக்குறேன். சத்தியமாக் கேக்குறேன். இன்னிக்கு என்ன ஆச்சு, சொல்லு."

அவள் புன்னகைத்தாள். அவன் பக்கம் திரும்பவில்லை.

ஒருநாள் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வந்து கதவைத் தட்டினான். அவள்தான் திறந்தாள். தலைவாரி, முகம் கழுவி, அழகாக இருந்தாள். அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க யாரைப் பாக்கணும்?"

நீ அல்ல. போப்பா அல்ல. நீங்க.

அவன் அவளைத் தாண்டிக்கொண்டு உள்ளே ஓடினான். கூடம். சமையலறை. ஜன்னல் திறந்திருந்தது. ஒரு கிளை சட்டத்தைத் தாண்டி உள்ளே வந்து, நாற்காலியின் முதுகில், ஆள் உட்கார்ந்தால் காது வரும் உயரத்தில் படிந்திருந்தது. நாற்காலியின் உறை இன்னும் சூடாக இருந்தது. மெழுகு வாசனை அறை முழுக்க.

கத்தரியை எடுத்தான். பூட்டைத் திறந்தான். கொல்லையில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. பூக்கள். அத்தனை பூக்களும். எதுவும் சுருளவில்லை. வலப்பக்கம் அந்தக் கிளை நிமிர்ந்து நின்றது. அவன் அதன் அடியைப் பிடித்தான். மரத்தின் குளிர்ச்சி இல்லை அதில். வெட்டினான்.

உள்ளே ஒரு டம்ளர் விழுந்து உடைந்தது.

கிளை தரையில் கிடந்தது. மொட்டுகள் மெதுவாக மடங்கின, கை மூடுவதுபோல. வெட்டுவாயில் வழவழப்பாகச் சாறு கசிந்தது. அவனுக்கு இன்ஜின் மாமா ஞாபகம் வந்தார். கத்தரியைக் கீழே வைத்தான். கடைப்பையில், பழுதான மெஷின்களைச் சோதிக்கும் ரப்பர் குழாய் இருந்தது. ஒரு முனையில் மெஷினைச் செருகி, மறுமுனையைத் தன் காதில் வைத்துக் கேட்பான். பையில் கிடந்த மெஷின் ஒன்றைக் குழாயில் செருகி, அடிமரத்தோடு சேர்த்து அழுத்தினான். ஒலியைக் கூட்டினான்.

இரைச்சல். இன்னும் கூட்டினான்.

"...இன்னிக்கு என்ன ஆச்சு தெரியுமா?"

அவள். அவளேதான். கோபமும் குறும்புமாக, அவனோடு சண்டை போட்ட, அவனை அதட்டிய அவள். மேலாளரைத் திட்டினாள். திரைச்சீலைச் சண்டையை முதலிலிருந்து சொன்னாள், அவனைப்போலவே பேசிக்காட்டி. அவளுக்கு அடியில் இன்னொரு குரல், தக்காளிக்காரனைச் சபித்துக்கொண்டு. அதற்கும் அடியில் வேறு குரல்கள், பெரியம்மாவுக்கும் முன்னால் அந்த வீட்டில் இருந்தவர்களின் குரல்கள், அவனுக்குப் புரியாத பழைய வழக்கில், எல்லோரும் ஒரே நேரத்தில், யாரும் யாரையும் கேட்காமல். அவன் அழுதுகொண்டே மெஷினைத் தண்டில் நகர்த்தினான். மேலே. வலப்பக்கம்.

"...ஹெட்போனை மாட்டினான். சத்தம் வந்தா வலது கையைத் தூக்குங்கன்னான். நான் என்ன பண்ணேன் தெரியுமா, நான்..."

அங்கே நின்றது. திரும்பத் திரும்ப அங்கேயே நின்றது. குழாய் வெட்டுவாயின் மேல் இருந்தது.

அந்தக் கத்தரியை அவன் மறுபடி தொடவே இல்லை. எப்படித் தொடுவான்? வீட்டுக்குள் நடமாடுகிறவள் அவளுடைய உடம்பு. நன்றாகச் சாப்பிட்டாள், "ரொம்ப நன்றிங்க" என்றாள், விருந்தாளிபோலப் படுக்கையின் ஓரத்தில் தூங்கினாள். மற்றதெல்லாம் கொல்லையில் வேர்விட்டு நின்றது. ஆகவே அவன் வேரடி மண்ணைக் கொத்தினான். எரு வைத்தான். மாவுப்பூச்சியைப் பஞ்சால் துடைத்தான், கைக்குழந்தையின் காதைத் துடைப்பதுபோல, ஒவ்வொரு கணுவாக. ஆனாலும் இலை பழுத்தது. மொட்டு வைக்கவில்லை. குழாயில் அவள் குரல் நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டு வந்தது.

தண்ணி மட்டும் ஊத்தினா இலைதான் விடும்.

முக்காலியை இழுத்துப் போட்டான். சந்துப் பக்கம் எட்டிப் பார்த்தான். தொண்டையைச் செருமினான். "ஹலோ," என்றான். சொன்னதும் காது சிவந்தது.

முதலில் தேவையில்லாததையெல்லாம் கொடுத்துத் தப்பிக்கப் பார்த்தான். மெஷினுக்கான உத்தரவாத நிபந்தனைகளை ஒப்பித்தான். மறுநாள் கடையில் அவை ஒன்றுகூட நினைவில் இல்லை, கஸ்டமர்கள் அவனிடம் ரொம்பவே திருப்தியாகப் போனார்கள். பள்ளிக்கூடச் செய்யுள்களைக் கொடுத்தான். ஒரு மொட்டு வந்தது. குழாயில் குரல் திரும்பியது. விரோதிகளின் பெயர்களைக் கொடுத்தான், விரோதம் போயிற்று. காதுக்குள் சவ்வு, சவ்வுக்குப் பின்னால் எலும்பு என்று தன் பிரசங்கத்தையே ஒரு சாயங்காலம் முழுசாகக் கொடுத்துவிட்டான். செடி கொத்துக்கொத்தாகப் பூத்தது.

பேசும்போது ஒருநாள் தற்செயலாக ஜன்னலைப் பார்த்தான். அவள் உள்ளே, அவனுக்கு முதுகைக் காட்டி, மேசையில் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி மூடியிருந்தது. அவளுடைய வலது கை மேலே தூக்கியிருந்தது.

அவன் பேச்சை நிறுத்தினான். கை இறங்கியது.

ஒரு சொல் சொன்னான். கை ஏறியது.

குரலைத் தாழ்த்தினான். முணுமுணுத்தான். பிறகு வெறும் மூச்சு. எந்த மனிதக் காதும் எடுக்க முடியாத சத்தம், அதை அவன் அறிவான், அவன் தொழிலே அது. கை ஏறியது. ஒவ்வொரு தடவையும். முதுகு திரும்பவே இல்லை.

கொடுக்க வேண்டியதெல்லாம் தீர்ந்து கடைசியில் அவனிடம் ஒன்று மிஞ்சியிருந்தது. பொத்திப் பொத்தி வைத்திருந்தான். வெட்டுவாயில் தளிர் எட்டிப் பார்த்து, மேலே வளராமல் நின்றது, காத்திருப்பதுபோல. குழாயில் அவள் மறுபடி மறுபடி அங்கேயே வந்து தடுக்கினாள்: நான் என்ன பண்ணேன் தெரியுமா, நான். நான். நான். முழுக் கதை இப்போது உலகத்தில் அவன் ஒருவனிடம் மட்டும்தான் இருந்தது. அதை அவளுக்கு முடித்துக் கொடுக்காமல் அவனால் இருக்க முடியவில்லை.

"ஒரு பொண்ணு காது டெஸ்ட்டுக்கு வந்தா," என்று ஆரம்பித்தான்.

மறுநாள் சாயங்காலம் காது டாக்டர் பூவாளியோடு கொல்லைக்கு வந்தான். நல்ல செடி. வலப்பக்கம் ஒரே நாளில் புதுக்கிளை ஒன்று செழித்து, செங்குத்தாக நிமிர்ந்திருந்தது. தண்ணீர் ஊற்றினான். உதிர்ந்ததைப் பொறுக்கினான். முக்காலியில் உட்கார்ந்து, எங்கிருந்து ஆரம்பிக்கலாம் என்று யோசித்தான்.

சமையலறை ஜன்னலுக்குள் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். பரிச்சயமில்லாத முகம். பவ்யமாக வைத்திருந்தாள். அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே அவளுடைய வலது கை மேலே போயிற்று. விரல்கள் விரிந்திருந்தன. பக்கத்தில் புதுக்கிளையும், அதே உயரத்தில்.

இன்னும் சத்தமே வைக்கலையே, என்று அவனுக்குத் தோன்றியது. ஏன் தோன்றியது என்று தெரியவில்லை. ஏன் கண்ணில் தண்ணீர் வருகிறது என்றும் தெரியவில்லை.

இருட்டிக்கொண்டு வந்தது. சிவந்து விரிந்த பூக்கள் ஒவ்வொன்றாக அவன் பக்கம் திரும்பின. சந்தில் யாரும் இல்லையே என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டு, அவன் முக்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டான். குனிந்தான். மெல்லிய குரலில் கேட்டான்:

"இன்னிக்கு என்ன ஆச்சு தெரியுமா?"